விகடன் காரியாலயத்தில் கூடியவர்கள்

பூதூர் வைத்தியநாதய்யர் நடத்திவந்த 'ஆனந்த விகடன்' தள்ளாடிக்கொண்டிருந்த 1928-ஆம் ஆண்டில், அதற்கு விளம்பரம் கொடுத்து வந்தவரும், தபால் மூலம் சரக்கு விற்றுப் பழகியவருமான எஸ். எஸ். வாசன், பெயரிலுள்ள எட்டு எழுத்துக்கும் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார் என்று சொல்வார்கள். பெயர் கைக்கு வந்துவிட்டது. பத்திரிகையை நிலைநிறுத்த வேண்டிய மனிதர்களை இனித்தான் தேட வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குவோர் பெரும்பாலும் தம்மைப் போன்றவர்களையே அருகில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். வாசன் அப்படிச் செய்யாததுதான் விசேஷம்.

திரு. வி. க.வின் 'நவசக்தி'யில் எழுதிப் பழகி, திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் ராஜாஜியுடன் 'விமோசனம்' பத்திரிகையின் மூலம் மதுவிலக்குப் பிரசாரம் செய்து, தேசத்துக்காகச் சிறையும் புகுந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி, லாப நஷ்டக் கணக்கில் தேர்ந்த இந்த முதலாளிக்கு எவ்விதத்திலும் ஒத்த ஸ்வபாவம் உடையவரல்லர். ஆயினும் விகடனின் ஆசிரியப் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது. எழுத்தாளர்கள் மட்டுமே நிறைந்த காரியாலயம் நாளடைவில் எழுத்தாளர்களுக்காகவே பத்திரிகை நடத்தத் தொடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். இங்கோ, பாடும் வித்துவானின் வாய் கோணுவதையும் கை மேலே எழுவதையும் நாலைந்து கோடுகளில் பிடித்துவிடும் மாலி ஒரு புறம். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியில் சங்கீத விமரிசனம் எழுதிய கல்கி மறு புறம். படத்தைப் பார்த்துச் சிரிக்கப் பக்கத்தைப் புரட்டியவர் விமரிசனத்தையும் படித்திருப்பார். விளம்பரப் பகுதியைக் கவனிக்க டி. சதாசிவம் இருந்தார். கதை ஒன்றை அனுப்பிக் கல்கியின் கண்ணில் பட்ட ஆர். மகாதேவன் என்ற வாலிபர், உதவியாசிரியராக வந்து 'தேவன்' ஆனார்.

வெவ்வேறு ஸ்வபாவமுள்ளவர்களைச் சேர்த்தால் பிரிவும் வரத்தான் செய்யும். தனிநபர் சத்தியாக்கிரகத்தை முன்னிட்டுக் கல்கி 1941-இல் விலகினார். எழுதத் தெரிந்த அவரும் விளம்பரம் தெரிந்த சதாசிவமும் சேர்ந்து, 'சாவித்திரி' படத்தில் சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலக்ஷ்மி நாரதராக நடித்துச் சம்பாதித்த பணத்தின் துணையோடு, அதே ஆண்டில் 'கல்கி'யைத் தொடங்கினார்கள். ஆசிரியரும் போய், விளம்பரம் கவனித்தவரும் போன பிறகும் விகடன் சாயவில்லை. இதற்குக் காரணம் வாசனின் பணம் என்று சொல்வோர் உண்டு. நான் தேவன் என்பேன். 'துப்பறியும் சாம்பு'வை எழுதிய அந்த மனிதர், 1942 முதல் 1957-இல் காலமாகும் வரை அதன் நிர்வாக ஆசிரியராக இருந்தார்.