ராக் 'ன்' ரோல் (ஜான் லெனனின் ஆல்பம்)

"ராக் 'ன்' ரோல்" என்பது பீட்டில்ஸ் குழுவின் பாடகர்களில் ஒருவரான ஜான் லெனன் தனித்துப் பாடி, 1975 பிப்ரவரியில் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் வழியாக வெளியிட்ட ஆல்பம். லெனன் இயற்றிய பாடல் ஒன்றுகூட இதில் இல்லை. 1955 முதல் 1962 வரை அமெரிக்கப் பாடகர்கள் பாடிப் புகழ்பெற்ற பாடல்களையே 13 தடங்களில் அவர் மறுபடி பாடியிருக்கிறார். இத்தகைய மறுபதிவுகளை 'கவர்' பாடல்கள் என்பர்.

பின்னணி

ஆல்பத்துக்கு வித்திட்டது ஒரு காப்புரிமை வழக்கு. 1969-இல் வெளியான பீட்டில்ஸின் "அபே ரோடு" ஆல்பத்தில் லெனன் எழுதிய "கம் டுகெதர்" இடம்பெற்றது. அதன் தொடக்க வரி சக் பெர்ரியின் 1956-ஆம் ஆண்டுப் பாடலான "யூ கான்ட் கேட்ச் மீ"யின் வரியை ஒத்திருந்தது. அப்பாடலின் உரிமை மோரிஸ் லெவி என்ற அமெரிக்க இசை வணிகரின் பிக் செவன் நிறுவனத்திடம் இருந்தது. அவர் தொடுத்த வழக்கு 1973-இல் சமரசத்தில் முடிந்தது. தம் அடுத்த ஆல்பத்தில் பிக் செவனுக்கு உரிமையான மூன்று பாடல்களைப் பாடுவதாக லெனன் ஒப்புக்கொண்டார். பழைய ராக் பாடல்களை ஒரு முழு ஆல்பமாகவே பாடிவிடும் எண்ணம் அவருக்கும் இருந்ததால், இரண்டும் ஒன்றாக இணைந்தன.

லாஸ் ஏஞ்சலிஸ் பதிவுகள்

மனைவி யோகோ ஓனோவைப் பிரிந்து லாஸ் ஏஞ்சலிஸில் தங்கியிருந்த லெனன், 1973 அக்டோபரில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருடன் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் பதிவைத் தொடங்கினார். ஒரே நேரத்தில் ஏராளமான கருவிகளை வாசிக்கச் செய்து, எதிரொலி கலந்து அடர்ந்த ஓசையை எழுப்புவது ஸ்பெக்டரின் பாணி. அதனால் ஸ்டுடியோவில் இசைக்கலைஞர்கள் நிரம்பி வழிந்தனர். மதுவும் தாராளமாகப் புழங்கியது. ஒருமுறை ஸ்பெக்டர் ஸ்டுடியோவுக்குள் துப்பாக்கியால் சுட்டதும் உண்டு. ஒலிப்பதிவுக் கருவியில் மது கொட்டியதை அடுத்து, குழு ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவுக்கு மாற நேர்ந்தது. பின்னர் ஸ்பெக்டர் பதிவு நாடாக்களைத் தம் வசம் வைத்துக்கொண்டு தொடர்பைத் துண்டித்தார். 1974-இல், ஆப்பிள் வெளியீடுகளை அமெரிக்காவில் விநியோகித்த கேபிடல் நிறுவனம் அவருக்கு 90,000 டாலர் கொடுத்து நாடாக்களை மீட்டது.

நியூயார்க் பதிவுகள்

மீட்ட பதிவுகளில் நான்கு மட்டுமே வெளியிடத் தக்கவை என்று லெனன் முடிவு செய்தார். இதற்கிடையில் "வால்ஸ் அண்ட் பிரிட்ஜஸ்" என்ற வேறு ஆல்பம் முந்திக்கொண்டு வெளிவந்தது. அதில் லெவிக்கு உரிமையான "யா யா" ஒரு சிறு துணுக்காக மட்டுமே இருந்தது. லெனனின் மகன், 11 வயது ஜூலியன், அதற்கு டிரம்ஸ் வாசித்திருந்தார். சமரசம் மீறப்பட்டதாக லெவி அதிருப்தி கொள்ளவே, லெனன் பழைய திட்டத்துக்குத் திரும்பினார். 1974 அக்டோபரில் நியூயார்க் ரெக்கார்ட் பிளான்டில் மீதிப் பாடல்களைத் தாமே தயாரித்துச் சில நாட்களில் முடித்தார். ஜிம் கெல்ட்னர் டிரம்ஸும், கிளாஸ் ஃபோர்மன் பேஸ் கிதாரும், ஜெஸ்ஸி எட் டேவிஸ் கிதாரும் வாசித்தனர்.

பாடல்கள்

ஜீன் வின்சென்ட்டின் "பி-பாப்-அ-லூலா"வுடன் ஆல்பம் தொடங்குகிறது. 1957-இல் லெனன், பின்னாளில் பீட்டில்ஸில் உடனிருந்த பால் மெக்கார்ட்னியை முதன்முதலாகச் சந்தித்த அன்று, தம் குவாரிமென் குழுவுடன் பாடிய பாடல் இது. ஃபேட்ஸ் டாமினோவின் "எய்ன்ட் தட் எ ஷேம்" அவருக்குத் தாய் ஜூலியா பேஞ்சோவில் கற்றுத்தந்த பாடல். லிட்டில் ரிச்சர்ட், பட்டி ஹாலி, லாரி வில்லியம்ஸ், சாம் குக் ஆகியோரின் பாடல்களும் உள்ளன.

இரு வகைத் தயாரிப்புகளின் வேறுபாடு காதுக்கே புலப்படும். ஸ்பெக்டர் தயாரித்த "ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்" மூலத்தைவிட வேகம் குறைந்து, ஊதுகருவிகளின் ஓசையுடன் கனத்து நகர்கிறது. நியூயார்க்கில் பதிவான "ஸ்லிப்பின் அண்ட் ஸ்லைடின்" சிறிய குழுவின் விறுவிறுப்போடு ஒலிக்கிறது. "டூ யூ வான்னா டான்ஸ்" ரெகே தாளத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. பென் ஈ. கிங்கின் "ஸ்டாண்ட் பை மீ"யில் லெனனின் குரல் தணிந்து தொடங்கி உரத்த கூவலாக உயர்கிறது. தொகுப்பில் பரவலாக அறியப்பட்ட பதிவும் இதுவே.

'ரூட்ஸ்' வழக்கு

லெனன் கேட்டுப் பார்க்கக் கொடுத்த முதல்நிலைக் கலவையைக் கொண்டு, லெவி 1975 தொடக்கத்தில் "ரூட்ஸ்" என்ற பெயரில் ஆல்பம் ஒன்றை வெளியிட்டுத் தொலைக்காட்சி விளம்பரம் மூலம் அஞ்சலில் விற்றார். வாய்மொழி ஒப்பந்தம் இருந்ததாக அவர் கூறினார். கேபிடல் நிறுவனம் அதிகாரபூர்வ ஆல்பத்தை அவசரமாக வெளியிட்டு விற்பனையைத் தடுத்தது. லெவி தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. தரம் குறைந்த வெளியீட்டால் லெனனின் பெயருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கும் லெவி இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

அட்டையும் வரவேற்பும்

அட்டைப்படம் 1961-இல் ஹாம்பர்க் நகரில் ஜூர்கன் ஃபோல்மர் எடுத்தது. தோல் சட்டை அணிந்த இளம் லெனன் வாசல் ஒன்றில் சாய்ந்து நிற்க, முன்னால் கடந்துசெல்லும் மூவர் மங்கலாகத் தெரிகின்றனர். அவர்கள் அன்றைய பீட்டில்ஸ் உறுப்பினர்களான மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டூவர்ட் சட்கிளிஃப்.

ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 6-ஆம் இடம் வரை சென்றது. "ஸ்டாண்ட் பை மீ" தனிப்பாடலாக அமெரிக்காவில் 20-ஆம் இடத்தைப் பிடித்தது. 1975 அக்டோபரில் மகன் ஷான் பிறந்தபின் லெனன் இசையுலகிலிருந்து ஒதுங்கினார். 1980 நவம்பரில் வெளியான "டபுள் ஃபேன்டசி" வரை அவர் வேறு ஸ்டுடியோ ஆல்பம் வெளியிடவில்லை. 2004-இல் "ராக் 'ன்' ரோல்" கூடுதலாக நான்கு பதிவுகளுடன் மறுவெளியீடு கண்டது.