மரக்குறிப் பெயின்ட் கறை நீக்கம்

வெட்டப்போகும் மரத்திலும் வெட்டிய கட்டையிலும் எண்ணும் அடையாளமும் இடப் பெயின்ட் பயன்படுகிறது. அது அறுவை இயந்திரங்களிலும் கைக்கருவிகளிலும் சிந்திக் காய்ந்துவிட்டால், கருவிக்குச் சேதமில்லாமல் அதை அகற்றும் வேலையே மரக்குறிப் பெயின்ட் கறை நீக்கம். புளி, வேம்பு, தென்னை, பனை நிறைந்த திண்டுக்கல் சமவெளியில் மரம் அறுக்கும் மிஷின், ரம்பம், கோடாரி, அளவு டேப் ஆகியவற்றைப் புழங்குவோர் அனைவருக்கும் இது தேவைப்படும்.

நெடுஞ்சாலையோரப் புளியமரங்களின் அடிமரத்தில் பெயின்டால் எழுதிய எண்களைத் தமிழ்நாட்டில் எங்கும் காணலாம். வனத்துறை சுத்தியலால் அடித்துப் பதிக்கும் முத்திரைக் குறி இதைவிடப் பழையது; 1882ஆம் ஆண்டு வனச் சட்டமும் 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளும் அதற்கு அடிப்படை. மரத்திலோ கட்டையிலோ உள்ள அதிகாரக் குறியைத் முறைகேடான ஆதாயம் பெறும் நோக்கத்துடன் அழிப்பது குற்றம். ஆகவே கருவிகளில் சிந்தியதை மட்டுமே துடைக்கலாம், கட்டை மீதுள்ளதைத் தொடக்கூடாது.

கறையை எப்படி எடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: பெயின்ட் எந்த வகை, அது எதன் மேல் விழுந்திருக்கிறது? பலர் முதல் கேள்வியோடு நின்றுவிட்டு, கடையில் உள்ளதிலேயே காட்டமான தின்னரை வாங்கி வருகிறார்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

எண்ணெய் வகை எனாமல் பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஈரமாக இருக்கும்போது டர்பென்டைனோ மண்ணெண்ணெயோ போதும்; சில நாள் கழிந்தால் அவை மேற்பரப்பை மட்டுமே நனைக்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகை, ஈரமாக இருக்கையில் சோப்புத் தண்ணீருக்கே போய்விடும். ஆனால் திண்டுக்கல் கோடை வெயிலில் அது சில நிமிடங்களில் படலமாகிவிடுவதால், ஈரத் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குறியிடத் தொடங்குவது நல்லது.

சங்கிலி ரம்பத்தின் பிளாஸ்டிக் உறை, முகக்கவசக் கண்ணாடி, ஹெல்மெட் ஆகியவற்றில் தின்னர் படவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன், டொலுயீன் போன்றவை பிளாஸ்டிக்கை இளக்கிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும். பளபளப்பு மங்கியதாக மட்டும் தெரிகிற ஹெல்மெட், கிளை விழும் நாளில் உடையக்கூடும். இங்கே சோப்புத் தண்ணீர், நகம், மரச் சிறாய், பொறுமை இவையே சாதனங்கள். இயந்திரத்தின் குளிர்விப்புத் தகடுகளுக்கிடையே பெயின்ட் அடைத்தால் சூடு வெளியேறாது. அதைக் குளிர்ந்த இன்ஜினில் மரக்குச்சியால் நெம்பி எடுக்க வேண்டும். சங்கிலி ஓடும் பாரின் பள்ளத்திலும் எண்ணெய்த் துளையிலும் இறங்கிய பெயின்ட், சங்கிலிக்கு எண்ணெய் போகாமல் தடுத்து இரண்டையும் தேய்த்துவிடும்.

கட்டை தூக்கும் வண்டியின் ஹைட்ராலிக் ராடுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். குரோமியப் பூச்சின் மேல் காய்ந்த சொட்டை அப்படியே விட்டால் ராடு உள்ளே போகும்போது ஆயில் சீலைக் கிழிக்கும்; உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அங்கே எண்ணெய் கசியும். டர்பென்டைனில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றிவைத்து, பிளாஸ்டிக் பட்டையால் தள்ளி எடுப்பதே முறை. கோடாரி, அரிவாள் இரும்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் தடவினால் முடிந்தது. மரப்பிடிகளுக்குத் தின்னர் ஊற்றினால் நிறம் மர இழைக்குள் இறங்கும். கண்ணாடிச் சில்லால் சுரண்டி ஆளி விதை எண்ணெய் பூசலாம். அளவு டேப்பில் தின்னர் பட்டால் கறையோடு எண்களும் அழியும்.

கறை துடைக்கப் பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி தண்ணீர் உறையும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே தீப்பற்றும். டர்பென்டைன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 40 டிகிரி செல்சியஸ். திண்டுக்கல் சித்திரை வெயில் 40 டிகிரியை நெருங்குவதால், மார்கழியில் ஆபத்துக் குறைவான அதே டப்பா அப்போது பொறி பட்டாலே எரியும். எனாமலும் ஆளி விதை எண்ணெயும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், உலரும்போது உண்டாகும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கலாம். விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த மூடிய தகர டப்பாவில் போட வேண்டும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் அகற்றிகள் இறுகிய எனாமலையும் உரிக்கும். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவி உயிரைப் பறித்திருக்கிறது. பொதுமக்களுக்கு அத்தகைய அகற்றிகளை விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது.

பழைய மஞ்சள், சிவப்புப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டு, அலங்காரப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது. தொழிற்சாலைப் பெயின்ட்கள் அந்த விதிக்குள் வரவில்லை. எனவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பாமல், நனைத்தே சுரண்ட வேண்டும்.

திண்டுக்கல் சமவெளி கடும்பாறைப் பகுதி. தரையில் கொட்டிய தின்னர் பாறை வெடிப்புகளின் வழியே பக்கத்துக் கிணற்றை எட்டும். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை இவ்வூர் கண்கூடாகக் கண்டிருக்கிறது. கொடகனாறு ஓடும் நிலத்தில் அந்தச் சுமையைக் கூட்டுவது அநியாயம். கலங்கிய டர்பென்டைனை மூடிய டப்பாவில் சில நாள் அசையாமல் வைத்தால் பெயின்ட் அடியில் படியும். மேலே தெளிந்ததை இறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். பெயின்ட் வண்டலும் பயன்படுத்திய கரைப்பானும் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவுகள். பட்டறைகள் அவற்றைச் சாக்கடையில் விடாமல், அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

கையில் ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, சோப்பால் கழுவலாம். தின்னர் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிப்பை உண்டாக்கும்.