மாலுமியின் தட்டில் முட்டைக்கோஸ்

குழந்தை காய்கறி தின்ன மறுத்தால் கதை சொல்லலாம், நிலாவைக் காட்டலாம், பூச்சாண்டி வருவான் என்று மிரட்டலாம். நாற்பது வயதுக்காரன் கூட்டிலிருக்கும் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினால் என்ன செய்வது? அவன் சம்பாதிக்கிறவன். அவன் நாக்குக்கு அவனே ராஜா. பெண்டாட்டி சொன்னாலும் டாக்டர் சொன்னாலும், "நேரமில்லை, பிடிக்கவில்லை" என்ற இரண்டு பதில்தான் வரும்.

இது இந்தக் காலத்துப் பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு கப்பற்படைகள் இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. அங்கே காய்கறி தின்ன மறுத்தவர்கள் மாலுமிகள். தின்னாவிட்டால் செத்துப்போவார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ஸ்கர்வி என்று பெயர். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'ஸ்கோர்பூட்'. பின்னாளில் விட்டமின் சி-க்கு 'அஸ்கார்பிக்' அமிலம் என்று பெயர் வைத்ததும் இதிலிருந்துதான்; ஸ்கோர்பூட்டை வராமல் தடுப்பது என்று பொருள். நம் உடம்பால் இந்தச் சத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். இரண்டு மூன்று மாதம் பச்சைக் காயும் பழமும் அறவே இல்லாவிட்டால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பல் ஆடும், கால் நகராது. ஆறிப்போன பழைய காயமும் மறுபடி திறந்துகொள்ளும். ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி 1740-ல் உலகைச் சுற்றப் புறப்பட்டாரே, அந்தப் பயணக் குறிப்பில் ஒரு கிழ மாலுமி வருகிறார். ஐம்பது வருடம் முன்பு ஒரு போரில் பட்டு ஆறிவிட்ட காயம் அவருக்குப் புதிது போல மீண்டும் திறந்துகொண்டதாம். ஆன்சனோடு புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேரில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. எதிரியின் குண்டுக்குச் செத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்களில் பெரும்பாலோரை நோய் கொண்டுபோயிற்று.

நம் பக்கத்துக் கடலும் இதைப் பார்த்திருக்கிறது. கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமா 1498 அக்டோபரில் திரும்பக் கிளம்பி, எதிர்க்காற்றில் மாட்டி, அரபிக்கடலைத் தாண்ட மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று மாதத்தில் முப்பது பேர் இறந்தார்கள். ஆப்பிரிக்காவின் மலிந்தியில் கரை சேர்ந்தபோது நோயாளிகள் கேட்டது ஆரஞ்சுப் பழம். பிறகு ஆள் போதாமல் ஒரு கப்பலை அவர்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். ஆக, ஆரஞ்சு நல்லது என்று மாலுமிகளுக்கு அப்போதே ஒரு மாதிரி தெரிந்திருக்கிறது. அதை யாரும் நிரூபித்து எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்காட்லாந்துக்காரர், கப்பல் வைத்தியர். 1747 மே மாதம் 'சாலிஸ்பரி' என்ற போர்க்கப்பலில் பன்னிரண்டு ஸ்கர்வி நோயாளிகளை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடியாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, மருந்து மட்டும் வேறு. ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்குக் கடல்நீர் (பாவம்), ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம். கடைசி ஜோடிக்கு ஆளுக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார், மற்றவர் மீதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார்.

1753-ல் லிண்ட் இதைப் புத்தகமாகப் போட்டு, அந்த ஆன்சனுக்கே சமர்ப்பணமும் செய்தார். எலுமிச்சைச் சாறு கொடுக்கவேண்டும் என்று கடற்படைத் தலைமையகம் ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1795-ல். நாற்பத்திரண்டு வருடம்! ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு வாழ்ந்த குமாஸ்தாவான எனக்கு இதில் பெரிய ஆச்சரியமில்லை. கோப்பு உறங்குவதற்கு யாரும் எதிர்க்கவேண்டியதில்லை. மேலே தூக்கிக்கொண்டு போக ஒருவர் இல்லாவிட்டால் போதும். லிண்டும் தன் முடிவைத் தெளிவாகச் சொல்லவில்லை. பெரிய புத்தகத்தின் நடுவே சில பத்திகளில் அந்தச் சோதனையைப் போட்டுவிட்டார். போதாக்குறைக்கு, சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார். காய்ச்சினால் சத்து போய்விடும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இந்த இடைவெளியில் வருகிறவர்தான் எனக்குப் பிடித்த கேப்டன் குக்.

1768 ஆகஸ்டில் 'எண்டவர்' கப்பலில் அவர் கிளம்பியபோது கூடவே 7,860 பவுண்டு முட்டைக்கோஸ் ஏறியது. மூன்றரை டன்! பச்சையாக இல்லை, மெல்லிதாக நறுக்கி உப்பிட்டுப் புளிக்கவைத்தது. ஜெர்மன்காரர்கள் அதை சவர்கிராவுட் என்பார்கள், பிரெஞ்சில் 'ஷுக்ரூத்'. பழக்கமில்லாதவர்களுக்கு அதன் வாசனை கொஞ்சம் கஷ்டம்தான். நம் பழைய சோற்றை வெள்ளைக்காரர் முன் வைத்தால் எப்படி முகம் சுளிப்பாரோ, அப்படி.

மாலுமிகளைப்போல நாக்குப் பிடிவாதம் கொண்டவர்கள் உலகத்தில் குறைவு. உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றி, பட்டாணி, கல்லுப்போல பிஸ்கட், ரம். இதுதான் சாப்பாடு. புதிதாக எதைக் கொடுத்தாலும், அது நல்லதாகவே இருந்தாலும், முதலில் முணுமுணுப்பு. மதெய்ராத் தீவில் புதிய மாட்டிறைச்சி வாங்கிக் கொடுத்தபோது அதைத் தொடமாட்டோம் என்று இருவர் மறுத்தார்கள். குக் ஆளுக்குப் பன்னிரண்டு கசையடி கொடுக்கச் சொன்னார்.

ஆனால் முட்டைக்கோஸுக்கு அவர் சவுக்கை எடுக்கவில்லை. தினம் கொஞ்சம் சமைத்து அதிகாரிகளின் மேஜையில் வைக்கச் சொன்னார். அதிகாரிகள் எல்லோரும் அதை எடுத்துச் சாப்பிட்டார்கள். மாலுமிகளுக்கோ, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் ஆகவில்லை, கீழே இருந்தவர்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் இருப்புத் தீர்ந்துவிடுமே என்று ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைக்க வேண்டியதாயிற்று. 1769 ஏப்ரலில் தஹித்தியிலிருந்து குக்கே தன் நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். மாலுமிகளிடம் இந்த உபாயம் ஒருபோதும் பொய்த்ததில்லை என்கிறார். மேலே இருப்பவர்கள் ஒன்றை உயர்வாக நினைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அதைவிட ருசியான பண்டம் உலகத்தில் வேறு இல்லை என்றாகிவிடுமாம்.

மனித சுபாவத்தை இவ்வளவு சுருக்கமாகப் படித்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பயணத்தில் ஸ்கர்வியால் பெரிய சேதமில்லை என்றாலும், திரும்பும் வழியில் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பிடித்து முப்பது பேர்போல இறந்தார்கள். முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் காப்பாற்றாது. இன்னொன்று, குக் தன் ஆட்கள் தப்பியதற்கு மால்ட் கஷாயத்தையும் பெரிதாகப் புகழ்ந்தார். அதில் இந்தச் சத்து கிடையாது. பெரிய மனிதர் சொல்லிவிட்டாரே என்று கடற்படையும் கஷாயத்தின் பின்னால் ஓடி, எலுமிச்சையை இன்னும் கொஞ்ச வருடம் மறந்தது. மேல்மேஜை நல்லதைச் சொன்னாலும் கீழே போகும், தப்பைச் சொன்னாலும் போகும்.

அந்த வருடங்களின் விலையை எங்கள் ஊருக்கு அருகிலேயே கொடுத்தார்கள். 1783 ஜூன் 20-ஆம் தேதி, கடலூருக்கு அப்பால், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். (புதுச்சேரியில் ரூ சுஃப்ரேன் வழியாகப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்.) பிரெஞ்சு பக்கம் 15 கப்பல், ஆங்கிலேயர் பக்கம் 18. சுஃப்ரேனுக்கும் ஆள் பற்றாக்குறை. கரையிலிருந்த படையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டுதான் போருக்குப் போனார். ஹியூஸின் கப்பல்களிலோ ஸ்கர்வி, தண்ணீரும் குறைவு. சண்டை முடிந்ததும் அவர் கடலூரை விட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டார். ஐரோப்பாவில் சமாதானத்துக்கு ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி அதற்குப் பிறகுதான் இங்கே வந்தது. கரையில் எலுமிச்சை கூடைகூடையாக விற்கிற ஊருக்கு எதிரே, கடலில் ஈறு அழுகிக்கொண்டு ஆட்கள் கிடந்திருக்கிறார்கள்.

பதினொரு வருடம் கழித்து வழக்கு தீர்ந்ததும் இதே கடலில்தான். 1794 ஏப்ரலில் 'சஃபோக்' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, வழியில் எங்கும் கரையைத் தொடாமல், 23 வாரமும் ஒரு நாளும் பயணம் செய்து சென்னை வந்து சேர்ந்தது. ஆளுக்குத் தினம் முக்கால் அவுன்சுக்கும் குறைவான எலுமிச்சைச் சாறு, சர்க்கரையோடு, அவர்கள் குடிக்கும் கிராக்கில் (தண்ணீர் கலந்த ரம்மில்) கலந்தே கொடுத்தார்கள். ரம் வேண்டாம் என்று சொல்லும் மாலுமி உண்டா? சொல்லும்படியாக நோய் எதுவும் பரவவில்லை. மறுவருடம் கில்பர்ட் பிளேன் என்ற வைத்தியர் கோப்பை நகர்த்தினார். அவர் அரண்மனை வரை செல்வாக்குள்ளவர். உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு 1814 வரை கடற்படை கொடுத்த சாறு 16 லட்சம் காலன் என்பார்கள். லிண்ட் முந்தைய ஜூலையிலேயே காலமாகிவிட்டார்.

விட்டமினைப் பற்றிய வேடிக்கை ஒன்றும் உண்டு. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஸென்ட்-ஜ்யோர்ஜி அந்தச் சத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு மனைவி சாப்பாட்டுக்குச் சிவப்புக் குடமிளகாய் வைத்தார். இவருக்கு அதைத் தின்ன மனமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறேன் என்று சமாளித்துக் கொண்டுபோய்ச் சோதித்தால், அதில் விட்டமின் சி கொட்டிக் கிடந்தது! இதை அவரே சொல்லியிருக்கிறார். 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர், காய்க்குப் பயந்து தட்டை விட்டு ஓடிய கணவர்.

இன்று யாருக்கும் ஸ்கர்வி வருவதில்லை, ஆகவே மேலே சொன்னதெல்லாம் பழங்கதை என்று என் அக்கா மகன் சொல்வான். அவனுக்கு நாற்பத்துநாலு வயது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் ஒன்றுமில்லை, மதியம் கேன்டீனில் லெமன் சாதம், இரவு பத்து மணிக்குப் பரோட்டா. போன வருடம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாராம். அவன் அப்பா ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் தினம் 400 கிராம் காயும் பழமும் என்கிறது. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் அந்தக் கணக்கில் சேராது. நம் ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் காய் மட்டுமே 400 கிராம், பழம் தனியாக 100 கிராம் என்கிறது. பிரான்சில் 2001 முதல் அரசாங்கத் திட்டமே நடக்கிறது. 2007-லிருந்து தின்பண்ட விளம்பரங்களில் எல்லாம் ஆரோக்கிய வாசகம் போடவேண்டும் என்று சட்டம். 'தினம் ஐந்து பழம், காய்' என்ற அந்த வாசகம் அங்கே இருக்கும் நம் புதுச்சேரிக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம். மனப்பாடமானது தட்டுக்கு வந்ததா என்பது வேறு விஷயம்.

அக்காவும் மருமகளும் அவனிடம் முதலில் கையாண்டது மதெய்ரா முறை, அதாவது சவுக்கு. நாளும் ஒரு சண்டை. அவன் சாப்பாட்டையே வெளியே வைத்துக்கொண்டான். பொங்கலுக்கு இங்கே வந்தபோது நான் அக்காவிடம் ஒன்றே சொன்னேன்: "அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே. பெரியவங்க இலையில மட்டும் அவரைக்காய்ப் பொரியலும் கொய்யாப்பழமும் வை." கொய்யாவை வேண்டுமென்றே சொன்னேன். அதில் ஆரஞ்சைப்போல நாலு மடங்கு விட்டமின் சி, விலையும் குறைவு, உரிக்கவும் வேண்டாம். நேரமில்லாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நானும் என் மனைவியும் சாப்பிட்டோம். அவனுக்கு வைக்கவில்லை.

இரண்டாம் நாள் அவனே கேட்டான், "என்ன மாமா, எனக்கு மட்டும் இல்லையா?" என்று.

"உனக்குத்தான் பிடிக்காதேப்பா" என்றேன்.

இப்போது அலுவலகத்துக்குக் கொய்யா கொண்டுபோகிறான் என்று மருமகள் சொல்கிறாள். அவரைக்காய் இன்னும் ஓரத்துக்குத்தான் போகிறதாம். அதற்கு சஃபோக் கப்பல் முறைப்படி சாம்பாரில் மசித்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்களை உருளைக்கிழங்கு தின்னவைத்த பார்மான்தியேயின் கதையும் இதே ஜாதிதான். வயலுக்குப் பகலில் காவல் போட்டு ஊராரைத் திருடத் தூண்டினார் என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் நிஜம் எவ்வளவு, கட்டுக்கதை எவ்வளவு என்று தனியாகத்தான் எழுதவேண்டும். அடுத்த மாதம் எழுதுகிறேன்.