உப்புக்கு ஒரு நடை, தீக்குச்சிக்கு ஒரு நடை

வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். தீக்குச்சி வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள் என்றால் இந்தக் கரிசல் காட்டில்தான் போயிருப்பார்கள் என்று தோன்றும். போனதோ லண்டனில், 1871 ஏப்ரலில். நூறு குச்சிக்கு அரைப் பென்னி வரி என்று நிதியமைச்சர் ராபர்ட் லோ அறிவித்தார். கிழக்கு லண்டன் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும், நாடாளுமன்றத்துக்கு நடந்தார்கள். வழியில் போலீசோடு தள்ளுமுள்ளு. விக்டோரியா அரசியும் வரி வேண்டாமென்று பிரதமருக்கு எழுதினார். ஒரு வாரத்துக்குள் வரி வாபஸ்.

உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1930 ஏப்ரல் 13 அன்று, திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல். இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று கிளையிடமா விசாரிக்க முடியும்? ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை. நம் விருதுநகர்க் காமராஜர் முதன்முதலாகச் சிறை போனதும் இந்த உப்புப் போராட்டத்தில்தான். உப்பு வரி ஒழிய 1947 ஆனது.

பலனை மட்டும் பார்த்து லண்டன் நடைதான் கெட்டி என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே வரி இன்னும் சட்டமாகவில்லை. முதலாளிகளும் ஊர்வலத்தின் பக்கம் நின்றார்கள், விற்பனை படுத்துவிடுமே! அதே வட்டாரத்துத் தீப்பெட்டிப் பெண்கள் 1888இல் பிரையன்ட் அண்ட் மே நிர்வாகத்தை எதிர்த்தே வேலைநிறுத்தம் செய்தது தனிக்கதை. 1871இல் நடந்தவர்கள் கேட்டது தங்கள் நாட்டு நாடாளுமன்றத்திடம். வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் யாரிடமும் மனுப் போடவில்லை, சட்டத்தையே மீறினார்கள்.

மீறுவதற்கு உப்பு தோதான பண்டம்: கடலோரத்தில் குனிந்தால் கையில் வரும். தீக்குச்சி அப்படியா? கட்டை அடுக்கவும், மருந்து முக்கவும், பெட்டி ஒட்டவும் ஆள் வேண்டும். பொட்டாசியம் குளோரேட் வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தாவில் தொழில் பழகி வந்து தொடங்கிய சிவகாசித் தீப்பெட்டிக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, 1934இல் வெள்ளையர் அரசு கலால் வரி போட்டது. வசூல் தொழிற்சாலையிலேயே நடந்தது; வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ‘பாண்ட்ரோல்’ பட்டை ஒட்ட வேண்டியிருந்தது. கடையில் பெட்டி வாங்குகிறவர் வரிக்காரனைப் பார்க்கவே மாட்டார். விலைக்குள் அது அடங்கிப் போயிற்று.