ஜூல் திருடனும் ஒரு இரும்பு வளையமும்: கையால் சுற்றிய காயிலின் கதை

(இந்த எபிசோடின் உரை, வாசிப்பதற்கு ஏற்றபடி லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு போன்காலில் ஆரம்பிக்குது.

தை மாசம் ஊர்ல இருந்து சித்தப்பா கூப்பிட்டார். "ஏன் கண்ணு, நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிச்சே? வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். பாத்துட்டு நெசமான்னு சொல்லு."

பார்த்தேன். மேசைமேல ஒரு பேட்டரி செல். அதை டார்ச்சுல போட்டுக் காட்டுறாங்க, எரியல. அப்புறம் செப்புக் கம்பி சுத்தின ஒரு சின்ன வளையத்தை அந்தச் செல்லோட இணைக்கிறாங்க. வெள்ளை எல்.இ.டி. பளிச்சுன்னு எரியுது. அடுத்து அந்த ஆள் சொல்றார்: "இதையே பெருசா செஞ்சா, கரண்டே இல்லாம 5 ஹெச்.பி. மோட்டார் ஓடும்." விலை 85 ஆயிரம். சித்தப்பா 10 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. விவசாய மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துட்டுப் பல வருஷமா காத்திருக்கிறவர். டீசல் இன்ஜின் வச்சுத் தண்ணி இறைக்கிறார். இப்படி ஒரு வீடியோவை நம்பணும்னு அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கு.

இதுல சிக்கல் என்னன்னா, வீடியோவோட முதல் பாதி உண்மை. தீர்ந்துபோன செல்லில் எல்.இ.டி. நிஜமாவே எரியும். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன், ஆனா வேலை சாஃப்ட்வேர். கையால ஒரு காயில்கூட சுத்தினதில்லை. அதனால சித்தப்பாவுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி நானே சுத்திப் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணேன். அந்த வளையம் எங்கிருந்து வந்ததுன்னு தேடப்போய், 1831-ல் போய் நின்னேன்.

துணி சுற்றிய கம்பி

1831 ஆகஸ்ட் 29. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன். மைக்கேல் ஃபாரடே 6 அங்குல விட்டமுள்ள ஒரு தேனிரும்பு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பக்கம் ஒரு காயில், எதிர்ப்பக்கம் இன்னொரு காயில் என்று செப்புக் கம்பியைச் சுற்றினார். இன்னைக்கு நாம கடையில வாங்குற எனாமல் கம்பி அப்போ கிடையாது. ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டால் எல்லாம் வீண். அதனால் கம்பிகளுக்கு நடுவே நூலையும், அடுக்குகளுக்கு இடையே காலிகோ துணியையும் வைத்துச் சுற்றினார். காலிகோ என்ற பெயரே நம்ம கோழிக்கோட்டிலிருந்து போனதுதான்.

ஒரு பக்கத்தில் பேட்டரியை இணைத்தார். மறுபக்கக் கம்பியின் அருகில் இருந்த காந்த ஊசி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டது. பேட்டரியைத் துண்டித்தார். மறுபடியும் ஒரு துடிப்பு. மின்சாரம் ஒரே சீராக ஓடும்போது மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும்தான் ஏதோ நடக்குது. இன்றைய எபிசோடுக்கு நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டிய விஷயம் இதுதான்.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஆல்பனியில் ஜோசப் ஹென்றி என்ற பள்ளி ஆசிரியர், கம்பிக்குப் பட்டுச் சுற்றிக் காந்தங்கள் செய்துகொண்டிருந்தார். சாதாரண சின்ன பேட்டரிதான். ஆனால் நீளமான காயிலில் இருந்து அதைத் துண்டிக்கும்போது, துண்டிக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு தீப்பொறி. 1832-ல் இதை எழுதி வெளியிட்டார். காயிலின் அளவைக் குறிக்கும் அலகுக்கு அவர் பெயரைத்தான் வச்சிருக்காங்க, ஹென்றி.

ஏன் அந்தப் பொறி? ஓடுற மாட்டுவண்டியை நினைச்சுக்குங்க. மாட்டை அவிழ்த்துவிட்டாலும் வண்டி உடனே நிக்காது. காயிலில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். தன்னைச் சுற்றிக் காந்தப்புலமாக ஆற்றலைச் சேர்த்து வச்சிருக்கும். பாதையைத் திடீர்னு வெட்டினால், எப்படியாவது ஓடியே தீருவேன்னு மின்னழுத்தத்தை ஏத்திக்கிட்டே போகும், காற்றைத் தாண்டும் வரைக்கும். எவ்வளவு சீக்கிரம் வெட்டுறோமோ, அவ்வளவு வோல்ட் ஏறும்.

பாதிரியாரின் மின்சார அடி

இதைப் பிடிச்சுக்கிட்டவர் ஒரு பாதிரியார். அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாதிரியாராகப் போகிற மாணவர்களுக்கு இயற்பியல் நடத்திய நிக்கோலஸ் காலன். 1836-ல் அவர் ஒரு இரும்புத் தண்டின்மேல் முதலில் தடித்த கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் மெல்லிய கம்பியை நிறையச் சுற்றினார். தடித்த கம்பியில் பேட்டரி மின்சாரத்தை வெட்ட வெட்ட, மெல்லிய கம்பியின் முனைகளில் பல மடங்கு வோல்ட் வந்தது. தேன்மெழுகையும் பிசினையும் உருக்கி அதில் கம்பியைத் தோய்த்து எடுப்பதுதான் அவருடைய இன்சுலேஷன்.

கையால் வெட்டி வெட்டிச் சேர்த்தால் வேகம் போதாது. அதற்குக் கடிகாரத்தின் உள்ளுறுப்பை எடுத்து, கம்பியைப் பாதரசக் கிண்ணத்தில் மாறி மாறி முக்கி எடுக்கிற ஒரு கருவி செய்தார். பின்னாளில் அவர் செய்த பெரிய காயில் 15 அங்குல நீளத்துக்குப் பொறி விட்டது.

அவரிடம் வோல்ட்மீட்டர் இல்லை. அப்புறம் எப்படி அளந்தார்? மாணவர்களைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, எவ்வளவு அலறுறாங்கன்னு பார்த்தார். ஒரு பையன் மயங்கியே விழுந்தான், பிற்பாடு அவர் டப்ளின் பேராயர் ஆனார்னு ஒரு கதை உண்டு. சிரிப்பா இருக்கு. ஆனா இந்த 'எப்படி அளக்கிறது' என்ற கேள்வி சித்தப்பா கதையிலும் திரும்ப வரும்.

வெட்டுறது யார்?

இதுக்கப்புறம் வந்த நூறு வருஷத்தை ஒரே கேள்வியில் சொல்லிடலாம்: மின்சாரத்தை வெட்டுறது யார்?

1830-களின் இறுதியில் காயிலையே வெட்ட வைத்தார்கள். மின்சாரம் ஓடினால் இரும்புத் தண்டு காந்தமாகும். அது ஒரு இரும்புப் பட்டையை இழுக்கும். பட்டை நகர்ந்தால் இணைப்பு விட்டுப்போகும். காந்தம் போனதும் ஸ்பிரிங் பட்டையைத் திரும்ப ஒட்ட வைக்கும். ஸ்கூல் மணியில் 'ட்ரிங்' சத்தம் வருவது இதே முறையில்தான்.

பாரிஸில் கடை வைத்திருந்த ரூம்கார்ஃப் என்ற ஜெர்மானியக் கருவி வினைஞர், இந்தக் காயில்களை நேர்த்தியாகச் செய்து புகழ்பெற்றார். மைல் கணக்கில் கம்பி. ஒரே ஒரு இடத்தில் இன்சுலேஷன் கிழிந்தாலும் மொத்தக் காயிலும் போச்சு. அதனால் பெரிய காயில்களில் கம்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுற்றும் முறை வந்தது. 1864-ல் மூன்றாம் நெப்போலியனின் அரசு அவருக்கு 50,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. ஹெர்ட்ஸ் வானொலி அலைகளைக் கண்டுபிடிச்சப்போவும், ரான்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சப்போவும் மேசைமேல் இருந்தது இந்த வகைக் காயில்தான்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலும் இதே அதிரும் காயில்தான், ஒரு சிலிண்டருக்கு ஒரு மரப்பெட்டி வீதம் நாலு பெட்டி. 1930-களின் கார் ரேடியோவுக்குள்ளும் இதே மாதிரி ஒரு அதிர்வுப் பட்டை ரீங்காரம் போட்டுக்கொண்டு, 6 வோல்ட்டிலிருந்து வால்வுகளுக்கு வேண்டிய உயர் அழுத்தம் கிடைக்க வழி செய்தது.

பட்டை தேயும், ஒட்டிக்கொள்ளும். அந்த வேலையை வெற்றிடக் குழாய்கள் எடுத்துக்கொண்டன. காயிலிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக் குழாயைத் திறந்து மூடுகிற பிளாக்கிங் ஆஸிலேட்டர் என்ற சர்க்யூட், ரேடாரிலும் பிறகு டிவியிலும் இடம்பிடித்தது. 1947-ல் பெல் லேப்ஸில் டிரான்சிஸ்டர் வந்தது. அதே சர்க்யூட் இப்போது ஒரு பேனா டார்ச் செல்லில் ஓடும் அளவுக்குச் சுருங்கியது. கல்யாண போட்டோகிராபர் ஃபிளாஷை ஆன் பண்ணதும் 'உய்ங்ங்...'னு ஒரு சத்தம் ஏறிக்கிட்டே போகுமே, அந்தச் சத்தம் இந்தக் குடும்பத்துக் குரல். சின்ன கேமராவில் 1.5 வோல்ட் சுமார் 300 வோல்ட் ஆகிற சத்தம். (பழைய ஃபிளாஷ் கேமராவைத் தயவுசெஞ்சு பிரிக்காதீங்க. உள்ளே இருக்கிற கெபாசிட்டர் செம அடி அடிக்கும்.)

ஒரு பத்திரிகை, ஒரு டிரான்சிஸ்டர்

1990-களில் பளிச்சிடும் நீல எல்.இ.டி.யும் அதைத் தொடர்ந்து வெள்ளை எல்.இ.டி.யும் வந்தன. வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேணும். ஒரு செல் 1.5 வோல்ட்தான். இங்கதான் பழைய காயிலுக்குப் புது வேலை கிடைச்சுது.

1999 நவம்பரில் 'எவ்ரிடே பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகையின் வாசகர் யோசனைகள் பகுதியில், கபார்னிக் என்பவர் ஒரு குட்டி சர்க்யூட்டை அனுப்பியிருந்தார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்றுக் கம்பி, ஒரு எல்.இ.டி. அவ்வளவுதான். பிறகு ஸ்காட்லாந்துக்காரரான கிளைவ் மிட்செல் இதுக்கு 'ஜூல் தீஃப்'னு பேர் வச்சார். ஜூல் என்பது ஆற்றலின் அலகு. செல்லில் மிச்சமிருக்கிற கடைசி ஜூலையும் திருடுற திருடன். தேவ் ஆனந்த் படப் பேர் மாதிரியே கேட்குதில்ல? நகைத் திருடனைக் குறிக்கும் 'ஜூவல் தீஃப்'தான் அங்கே சிலேடை.

நான் ஃபியூஸ் போன ஒரு சி.எஃப்.எல். பல்புக்குள்ளிருந்து குட்டி ஃபெரைட் வளையத்தை எடுத்தேன். ரீவைண்டிங் கடை அண்ணனிடம் துண்டு எனாமல் கம்பி கேட்டேன், காசு வாங்கல. இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்து 15 சுற்று. பத்து நிமிஷ வேலை எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. இணைச்சேன். எரியல. கம்பி முனையில் எனாமலைச் சுரண்டினேன், எரியல. டிரான்சிஸ்டரை மாத்தினேன், எரியல. ராத்திரி ஒரு மணிக்குத்தான் புரிஞ்சுது: இரண்டாவது சுற்று டிரான்சிஸ்டரைத் திறக்க உதவணும், என்னுடையது எதிர்த்துக்கிட்டு இருந்தது. ஒரு சுற்றின் இரண்டு முனைகளையும் இடம் மாத்தினேன். எரிஞ்சுது.

அது நடக்கிற விதம் இப்படி. டிரான்சிஸ்டர் லேசா திறக்குது. காயிலில் மின்சாரம் ஏறுது. அந்த ஏற்றமே இரண்டாவது சுற்று வழியாக டிரான்சிஸ்டரை இன்னும் திறக்குது. ஒரு கட்டத்தில் ஏற்றம் நிக்குது, உடனே உதவியும் நிக்குது, டிரான்சிஸ்டர் பட்டென்று மூடிக்குது. சேர்ந்த ஆற்றல் மொத்தமும் எல்.இ.டி. வழியாகக் கொட்டுது. மறுபடியும் முதலிலிருந்து, நொடிக்குப் பல ஆயிரம் தடவை. காலனின் பாதரசக் கிண்ணம் செஞ்ச வேலையை இப்போ ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டு செய்யுது.

அளந்து பார்த்தோம்

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். சித்தப்பா முன்னாடியே மல்டிமீட்டர் வச்சேன்.

செல் 1.1 வோல்ட், அதிலிருந்து எடுக்கும் மின்சாரம் 70 மில்லிஆம்ப். பெருக்கினால் 77 மில்லிவாட். வெளிவரும் துடிப்புகளை ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர் வைத்துச் சீராக்கி எல்.இ.டி.யில் அளந்தோம். 3 வோல்ட், 16 மில்லிஆம்ப். 48 மில்லிவாட். போனதில் 62 சதவீதம்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மிச்சம் சூடாப் போச்சு.

அப்புறம் எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு மீட்டரை மட்டும் வச்சேன். 34 வோல்ட்! சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா கண்ணு, ஏறுதில்ல!"

பொய் நுழையிற இடம் இதுதான். இந்த 34 வோல்ட்டை அந்த 70 மில்லிஆம்ப்போட பெருக்கினா, உள்ளே போனதைவிட 30 மடங்கு வெளியே வர்ற மாதிரி கணக்கு வரும். ஆனா அந்த 70 ஓடினது செல் பக்கத்தில். 34 வோல்ட் இருக்கிற பக்கத்தில் ஓடுற மின்சாரம் கிட்டத்தட்ட பூஜ்யம். எல்.இ.டி.யை மாட்டின நொடியே 34 வோல்ட் 3-க்கு இறங்கிடுச்சு. சிலர் வேணும்னே இப்படிக் கணக்குக் காட்டுறாங்க. சிலர் நிஜமாவே இப்படி ஏமாந்து, தன்னை ஒரு கண்டுபிடிப்பாளர்னு நம்பிடுறாங்க.

கடைசியா ஒரு கணக்கு. ஒரு புது அல்கலைன் ஏஏ செல்லில் மொத்தமா சுமார் 3 வாட்-மணி ஆற்றல் இருக்கும். 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 3,700 வாட் வேணும். ஒரு துளிகூட வீணாக்காம கொடுத்தாலும், அந்த மோட்டார் மூணு நொடிதான் ஓடும்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மூணு நொடில குழாய்ல தண்ணி வாய்க்கே வந்து சேராதே கண்ணு"ன்னார். மீதி 75 ஆயிரத்தை அவர் கட்டல. அட்வான்ஸ் 10 ஆயிரம் திரும்ப வரல. மின் இணைப்பும் இன்னும் வரல. அந்தப் பிரச்சினையை என் காயில் தீர்க்கல, அதையும் நேர்மையா சொல்லிடறேன்.

அந்த குட்டி சர்க்யூட்டை அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன். கடிகாரத்துல இருந்தும் ரிமோட்ல இருந்தும் தூக்கிப் போடுற செல்லெல்லாம் இப்போ மோட்டார் ரூம்ல எல்.இ.டி.யா எரிஞ்சு முடியுது. போன வாரம் கூப்பிட்டு, "அந்தத் திருடன் இன்னும் வேலை பாக்குறான்"னார்.

நீங்க சுத்திப் பார்த்து எரியலைன்னா, ஒரு சுற்றின் முனைகளை மட்டும் மாத்துங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.