குற்றப் பரம்பரை ஆய்வும் திருச்சபையின் பங்கும்

குற்றத்தையும் குற்றவாளியையும் ஆராய்வோர் யாருடைய இசைவுடன் ஆராய்கின்றனர் என்னும் வினா, அறிஞருலகில் காலந்தாழ்த்தியே எழுந்தது. 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கை, ஆய்வுக்குட்படுவோரை மதித்தல், அவர்தம் நன்மையை நாடுதல், நீதி வழங்கல் என மூன்று நெறிகளை வகுத்தது. ஆயினும் அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று இவ்வினாவை எழுப்பிவிட்டது.

வட இந்தியாவில் 1871இல் பிறந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911இல் புதிதாக இயற்றப்பெற்றுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஒரு குலத்தார் அனைவரையுமே குற்றப் பரம்பரையினர் என அரசு அறிவிக்கலாம். அவ்வறிவிப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது. இதற்கு வேண்டிய 'அறிவு' எங்கிருந்து கிடைத்தது? சென்னை மாகாணக் குற்றக் குழுவினரைப் பற்றி 1892இல் நூல் எழுதிய முல்லாலி ஒரு காவல்துறை அதிகாரி. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். 1909இல் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். காவலர் எழுதி வைத்ததை ஆய்வாளர் எடுத்தாண்டனர்; ஆய்வாளர் எழுதியதைக் காவலர் சான்றாகக் காட்டினர். இவ்வட்டத்தினுள் ஆராயப்பட்டவரின் சொல்லுக்கு இடமே இல்லை. குறவரும் எருகலரும் உப்பும் தானியமும் பொதியேற்றி ஊரூராக விற்றவர்கள் என்பதும், உப்பு வரியும் இருப்புப்பாதையும் அவ்வணிகத்தைச் சிதைத்தன என்பதும் மீனா இராதாகிருஷ்ணாவின் நூல் 2001இல் வெளிவந்த பின்னரே பலருக்குத் தெரியவந்தன. அக்காலத்தில் இதை அம்மக்களிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இனி நம்மைச் சார்ந்த செய்திக்கு வருவோம். அரசு அறிவித்த குலத்தாரைக் குடியேற்றங்களில் வைத்துத் திருத்தும் பொறுப்பை இரட்சணிய சேனை விரும்பி ஏற்றது. பாபட்லாவுக்கு அருகிலுள்ள ஸ்டூவர்ட்டுபுரம் அவற்றுள் பெயர்பெற்றது. சேனைத் தலைவர் பூத் டக்கர், குற்றத்தைக் குணப்படுத்தும் கலை என்று பொருள்படும் 'கிரிமினோகியூராலஜி' என்னும் தலைப்பிலேயே நூல் எழுதினார். அவருடைய அன்பை நாம் ஐயுறவில்லை. பள்ளியும் மருத்துவமும் அங்கே கிடைத்தன என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நோயாளி என்று முத்திரையிடப்பட்டவர் வெளியேறும் உரிமை அற்றவர். ஆஜர்ப் பட்டியலில் பெயர் கூப்பிடும்போது வந்து நிற்க வேண்டியவர். அவர் நோயாளிதானா என்று மருத்துவர் ஒருமுறையேனும் சோதித்ததுண்டா? காவல்துறையின் கணிப்பையே மறைபணி தன் தொடக்கமாக ஏற்றுக்கொண்டது. அங்கேதான் பிழை என்பது நம் கருத்து.

மதுரை மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர் மீது இச்சட்டம் ஏவப்பட்டபோது, பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை தர மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டனர். கைரேகை என்பது வெறும் மையன்று; அதை வைத்தவுடன் தானும் தன் பிள்ளைகளும் ஏட்டில் குற்றவாளிகளாவர் என்பதை அவர்கள் செவ்வனே உணர்ந்திருந்தனர். இசைவின்மையை இதனினும் தெளிவாகத் தெரிவிக்க இயலுமா?

அம்மக்களுக்காக வாதாட முன்வந்தவர் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப். அவரும் கிறிஸ்தவரே. அவர் தம் கட்சிக்காரர்களைத் திருத்த முற்படவில்லை; அவர்கள் சொன்னதைக் கேட்டு அதை அரசின் முன் வைத்தார். கள்ளர் நாட்டார் அவரை 'ரோசாப்பூ துரை' என்றே அழைத்தனர். நம் திருச்சபை வரலாற்று நூல்களில் குடியேற்றங்களுக்குக் கிடைத்த பக்கங்களில் நாலில் ஒரு பங்கேனும் அவருக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இலும் அச்சட்டம் நீங்கியது. தர்ஸ்டனின் தொகுதிகள் நூலகங்களை விட்டு நீங்கவில்லை. ஊராய்வுக்குச் செல்லும் இறையியல் மாணவர் சிலர், ஒரு குலத்தாரைப் பற்றிய அறிமுகப் பத்தியை இன்றும் அவற்றிலிருந்தே எழுதுகின்றனர். அவ்வூரார் தங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று வினவினால், அதற்கெனத் தனிப் பக்கம் ஒதுக்கவில்லை என்பதே நமக்குக் கிடைத்த மறுமொழி.