பல்லில் பிரச்சனையே இல்லை, ஆனாலும் பல் வலிக்குதா? தாடைத் தசையைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்க!

கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போறோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, "பல்லு நல்லாத்தானே இருக்கு" என்கிறார். வலி மட்டும் போகவில்லை. இப்படி ஒரு அனுபவம் உங்களுக்கு இருந்தால், அடுத்து கவனிக்க வேண்டியது கன்னத்தில் இருக்கும் தசையை.

பல்லைக் கடித்தபடி கன்னத்தில் விரலை வையுங்கள். கல்லு மாதிரி புடைத்து வருகிறதே, அதுதான் மாசீட்டர் தசை. நெற்றிப்பொட்டில் விசிறி போல விரிந்திருப்பது டெம்போராலிஸ். இவை தவிர உள்பக்கம் இரண்டு டெரிகாய்டு தசைகள். நாம் மெல்லுவது முக்கியமாக இந்த நான்கின் உழைப்பில்தான்.

வலி ஒரு இடம், காரணம் வேறு இடம்

தூக்கத்தில் பல் கடிப்பது, டென்ஷனில் தாடையை இறுக்கிக்கொண்டே இருப்பது, எப்பப் பார்த்தாலும் சூயிங்கம் மெல்லுவது... இதெல்லாம் சேரும்போது தசைக்குள் சின்ன முடிச்சு போல சில இடங்கள் இறுகிப்போகலாம். இவற்றைத்தான் 'ட்ரிகர் பாயின்ட்' என்கிறார்கள். அழுத்தினால் அந்த இடத்தோடு வலி நிற்காது. மாசீட்டரில் முடிச்சு இருந்தால் கடைவாய்ப் பல், காது, புருவம் வரை தெறிக்கும். டெம்போராலிஸில் இருந்தால் மேல் வரிசைப் பற்களும் தலையும் வலிக்கும். ஒரு தப்பும் செய்யாத பல்லுக்கு ரூட் கேனால் வரை போய்விடுவது இதனால்தான்.

இந்த 'வலி மேப்'பைப் பிரபலமாக்கியவர் ஜேனட் டிராவெல், அமெரிக்க அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகை டாக்டராக இருந்தவர். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983-ல் அவர் கொண்டுவந்த கையேடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முடிச்சு என்பது உண்மையில் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் சிகிச்சை விஷயம் வேறு. நாள்பட்ட தாடை வலிக்கு, கையால் ட்ரிகர் பாயின்ட்டை அழுத்தித் தளர்த்தும் சிகிச்சையையும் தாடைப் பயிற்சிகளையும் 2023 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் வலுவாகப் பரிந்துரைத்தது. வலிக்காகப் பல்லில் மாட்டும் ஸ்ப்ளின்ட்டுக்கு அந்த ஆதரவு கிடைக்கவில்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

பிசியோதெரபிஸ்ட் கையுறை போட்டு, ஒரு விரலை கன்னத்தின் உள்ளேயும் இன்னொன்றை வெளியேயும் வைத்து மாசீட்டரைப் பிடிப்பார். முடிச்சு சிக்கியதும் அழுத்தத்தை மெல்லக் கூட்டி, வலி தணியும் வரை அப்படியே வைத்திருப்பார். பிறகு வாயை மெதுவாகத் திறக்கச் சொல்வார். முதல் தடவை சிலருக்குக் கண்ணில் தண்ணியே வந்துடும்!

வீட்டில் செய்வதானால், முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் 10 நிமிடம் ஒத்தடம். பல்லோடு பல் ஒட்டாமல் தாடையைத் தளர விட்டு, கன்ன எலும்புக்குக் கீழே இரண்டு விரலால் தேடுங்கள். வலிக்கும் இடம் கிடைத்ததும் தாங்கக்கூடிய அளவுக்கு அழுத்தி, அரை நிமிடம் வைத்திருந்தால் போதும். தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் அழுத்தவே கூடாது, அங்கே முக்கிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விரலை விட்டுத் தேடும் வேலையும் வேண்டாம், அதை தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார்.

என்னதான் அழுத்தினாலும், பகலில் பல்லை இறுக்கும் பழக்கம் நிற்காவிட்டால் வலி திரும்ப வரும். உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒட்டியிருக்கக் கூடாது. போன் பார்க்கும்போது ஒருமுறை கவனியுங்கள், இப்போதே கூட!

மசாஜ் வேலைக்கு ஆகாத நேரங்கள்

தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108. வயது 50-ஐத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, புதிதாகத் தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தக் குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே போகும் ஆபத்து உண்டு. வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் பல் தொற்றாக இருக்கலாம்.

பாக்கு, குட்கா போடுபவர்களுக்கு வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மூன்று விரல் நுழையாத நிலை வந்தால் தசைப்பிடிப்பு என்று நினைத்து கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். கன்னத்தின் உள்தோல் இறுகும் இந்த நோய் புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை நிறுத்திவிட்டு உடனே பல் டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள்.